பாண் வெட்டும் கத்திக்கு 18, ஸ்பிறே பெயின்ற்றுக்கு 16, நத்தார் கிராக்கருக்கு 12: இங்கிலாந்தில் கடை நடத்துவோருக்கான வயதுக் கையேடு

சிகரெட்டுக்கும் மதுவுக்கும் வயது கேட்க வேண்டும் என்பது இங்கிலாந்தில் மூலைக்கடை நடத்தும் எல்லோருக்கும் தெரியும். பிழை வருவது அநேகமாக அங்கே அல்ல. பாண் வெட்டும் கத்தி, லைற்றருக்கு நிரப்பும் காஸ், காரின் கீறலுக்கு அடிக்கும் ஸ்பிறே, கழிவுநீர்க் கான் அடைப்புக்கு ஊற்றும் அசிட், தீபாவளிக்கு இறக்கும் மத்தாப்பு என்று யாரும் சந்தேகப்படாத சாமான்களில்தான் கடைக்காரர் மாட்டிக்கொள்கிறார். இவை எல்லாவற்றுக்கும் ஒரே வயதும் இல்லை. 12, 16, 18 என்று வெவ்வேறு சட்டங்கள் வெவ்வேறு காலத்தில் வைத்த எல்லைகள் அவை.

இங்கே எழுதியிருப்பது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்தும். ஸ்கொட்லாந்து முக்கியமாக வேறுபடும் இடத்தைச் சொல்லியிருக்கிறோம். வட அயர்லாந்துக்குத் தனிச் சட்டங்கள் உள்ளன.

சாமான்களைப் பார்க்கும் முன் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். சட்டம் வைத்த வயது ஒன்று. கடை தானாக வைத்த வயது இன்னொன்று. பெரிய சுப்பர்மார்க்கெற்றில் லைற்றருக்கும் சுப்பர் குளூவுக்கும் பரசிற்றமோலுக்கும் வயது கேட்பதைப் பார்த்துவிட்டு, அதெல்லாம் சட்டம் என்று நினைப்பவர்கள் பலர். அவை பெரும்பாலும் அந்தக் கடைகளின் சொந்தக் கொள்கை. நீங்களும் அப்படி வைக்கலாம், அதில் தவறில்லை. ஆனால் ரில்லில் (காசு வாங்கும் மேசையில்) நிற்கிற பிள்ளைக்கு எது சட்டம், எது கடை வழக்கம் என்று தெரியவேண்டும். கடை வழக்கத்தை மீறினால் முதலாளி ஏசுவார். சட்டத்தை மீறினால் விற்றவரும் முதலாளியும் இருவருமே நீதிமன்றம் போகவேண்டி வரும்.

கத்திகள்

1988ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டம் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்குக் கத்தி, கத்தியலகு, சவர பிளேட், கோடாரி ஆகியவற்றை விற்பதைக் குற்றமாக்குகிறது. முன்பு 16 ஆக இருந்த எல்லை 2007இல் 18 ஆனது. 'கத்தி' என்ற சொல்லுக்கு அந்தச் சட்டத்தில் 'ஆயுதம்' என்ற பொருள் இல்லை. மரக்கறி வெட்டும் சின்னக் கத்தி, பாண் கத்தி, தரைவிரிப்பு வெட்டும் கத்தி, பள்ளிக் கலைப்பாடத்துக்கு வாங்கும் கைவினைக் கத்தி எல்லாம் உள்ளே வரும். தமிழ்க் கடைகளில் தொங்கும் மீன், இறைச்சி வெட்டும் பெரிய கத்தியும் அப்படியே. அரிவாள்மணையும் கூரான அலகு வைத்த தேங்காய்த் திருவலையும் தட்டில் இருந்தால் அவற்றையும் கத்தியாகவே நடத்துங்கள். ஒரு பதினேழு வயதுப் பிள்ளையிடம் திருவலை விற்க மறுத்ததால் உங்களுக்கு நட்டம் எதுவுமில்லை.

சட்டம் விலக்கியவை இரண்டே. ஒன்று, வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு, அதாவது 7.62 சென்ரிமீற்றருக்கு மேற்படாத மடக்குப் பேனாக்கத்தி. இரண்டாவது, உறைக்குள் பொதிந்து, எந்த அலகும் 2 மில்லிமீற்றருக்கு மேல் வெளித்தெரியாத சவர பிளேட். அதனால்தான் சுப்பர்மார்க்கெற்றில் விற்கும் சாதாரண ரேசரும் அதன் மாற்றுத் தலைகளும் பிரச்சினையில்லை. தாத்தாமார் பாவித்த, இரண்டு பக்கமும் கூரான தனி பிளேட் பக்கெற் 18இல் வருகிறது. எங்கள் கடைகளில் அது சவர்க்காரத்துக்கும் சீப்புக்கும் பக்கத்தில் சும்மா கிடக்கும். முதலில் அதை எடுத்துக் கவுன்ரருக்குப் பின்னால் வையுங்கள். விரித்தால் பூட்டு விழும் மடக்குக் கத்திக்கு அந்த 3 அங்குல விலக்கு உண்டு என்று நம்பாதீர்கள். சின்னதாக இருந்தாலும் 18 என்றே எடுங்கள்.

பொழுதுபோக்குச் சாமானில் வரும் பொறி வேறு மாதிரியானது. மாதிரி விமானம் ஒட்டும் பெட்டி, மரம் செதுக்கும் பெட்டி, கடதாசிக் கைவினைப் பெட்டி என்று வெளியே படம் இருக்கும். உள்ளே ஒரு சின்ன வெட்டுக் கத்தி இருக்கும். பெட்டிக்குள் கத்தி இருந்தால் அந்தப் பெட்டியே கத்தி என்று கணக்கெடுங்கள். சரக்கு இறக்கும்போது இப்படியான பெட்டியைத் திறந்து உள்ளடக்கத்தைப் பார்த்து, முன்பக்கத்தில் '18' என்று ஒரு ஸ்ரிக்கர் ஒட்டிவிட்டால் ரில்லில் நிற்பவர் யோசிக்கத் தேவையில்லை.

ஸ்கொட்லாந்தில் வீட்டுச் சமையலறைப் பாவனைக்கான கத்தியை 16 வயதானவருக்கு விற்கலாம், மற்றவற்றுக்கு 18. எல்லைக்கு இருபுறமும் கடை உள்ளவர்கள் இரண்டிலும் 18 என்றே வைப்பது நல்லது. ஒரே ரில் மென்பொருளில் இரண்டு விதி வைத்தால் ஒருநாள் மாறிப்போகும்.

எந்த வயதினருக்கும் விற்க முடியாதவையும் உள்ளன. விசையழுத்தினால் பாயும் கத்தி அப்படியானது. 'ஸொம்பி' பாணிக் கத்திகள் 2024 செப்ரெம்பர் 24 முதலும், 'நிஞ்சா' வாள்கள் 2025 ஓகஸ்ற் 1 முதலும் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தடை. பரிசுச் சாமான் கடைகளில் அலங்காரம் என்று மூலையில் தொங்குவதைக் கழற்றிப் பாருங்கள். வயது கேட்டு விற்றேன் என்பது அங்கே எடுபடாது.

அசிட்டும் கான் சுத்திகரிப்பும்

2019ஆம் ஆண்டின் தாக்குதல் ஆயுதங்கள் சட்டத்தில் இந்தப் பகுதி 2022 ஏப்ரல் 6 முதல் நடைமுறையில் உள்ளது. சில அரிக்கும் திரவங்கள் குறிப்பிட்ட செறிவுக்கு மேல் இருந்தால் 18 வயதுக்குக் கீழ் விற்கக்கூடாது. வீட்டுச் சாமான் தட்டுக்குத் தேவையான எண்கள் இவை: சல்பூரிக் அசிட் 15 வீதம், ஹைட்ரோகுளோரிக் அசிட் 10 வீதம், நைட்ரிக் அசிட் 3 வீதம், போமிக் அசிட் 10 வீதம், பொஸ்போரிக் அசிட் 70 வீதம், கோஸ்ரிக் சோடா எனும் சோடியம் ஹைட்ரொக்சைட் 12 வீதம், பிளீச்சில் இருக்கும் சோடியம் ஹைப்போகுளோரைட் 10 வீதம், அமோனியக் கரைசல் 10 வீதம். ஹைட்ரோஃபுளோரிக் அசிட் எந்த அளவிலும் கூடாது.

இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. போத்தலின் பின்பக்கத்தை வாசிக்கப் பழகினால் போதும். வாசிப்பதில் நடக்கும் வழமையான பிழை, எச்சரிக்கைச் சின்னத்தை மட்டும் பார்ப்பது. திரவம் சொட்டிக் கையையும் உலோகத்தையும் அரிப்பதுபோல் வரைந்த சின்னம் பல போத்தல்களில் இருக்கும். அது இருக்கிறது என்பதால் 18 என்று ஆகிவிடாது, செறிவுதான் தீர்மானிக்கும். சாதாரண வீட்டு பிளீச் 10 வீதத்துக்கு மிகக் கீழே இருப்பதால் சட்டத்துக்குள் வராது. கான் அடைப்புக்குப் போடும் கோஸ்ரிக் சோடா மணிகள் ஏறக்குறையச் சுத்தமான சோடியம் ஹைட்ரொக்சைட், அவை வரும். அடுப்புச் சுத்திகரிப்பில் சில வரும், சில வராது. லேபிளில் '5–15%' என்று வீச்சு மட்டும் போட்டிருந்தால் அது உதவாது. மொத்த வியாபாரியிடம் பாதுகாப்புத் தரவுத்தாளைக் கேட்டு வாங்கி, சரியான எண்ணைப் பாருங்கள். தராவிட்டால் 18 என்று ஒட்டுங்கள். கார் பற்றறிக்குள் அசிட் இருந்தாலும் பற்றறிக்கு இந்த விதி இல்லை.

அசிட் கான் சுத்திகரிப்பில் இன்னொரு பெரிய சிக்கல் உள்ளது. சல்பூரிக் அசிட் 15 வீதத்துக்கு மேல் இருந்தால், உள்துறை அமைச்சின் லைசென்ஸ் இல்லாத பொதுமகன் எவருக்கும் அதை விற்கமுடியாது. அறுபது வயதுக்காரர் வந்து கேட்டாலும் இதுதான். பழைய சரக்கில் தொண்ணூறு வீதச் சல்பூரிக் போத்தல்கள் இன்னும் பின்னறையில் கிடக்கலாம். அவற்றைக் குப்பையில் போடாமல் கவுன்சிலின் ஆபத்தான கழிவு ஏற்பாட்டில் கொடுங்கள். வேறு சில அசிட்டுகளுக்கும், 12 வீதத்துக்கு மேற்பட்ட ஹைட்ரஜன் பெரொக்சைட்டுக்கும், மாதிரி விமான இயந்திர எரிபொருளில் கலக்கும் நைட்ரோமீதேனுக்கும் இதே லைசென்ஸ் முறை உண்டு. புதிதாக ஒன்றை இறக்கும்போது, லைசென்ஸ் இல்லாதவருக்கு இதை விற்கலாமா என்று மொத்த வியாபாரியிடம் எழுத்தில் பதில் வாங்கி வையுங்கள். யாராவது காரணம் சொல்லாமல் அளவுக்கு மீறிக் கேட்டாலோ, இவ்வகைச் சரக்குக் களவு போனாலோ 24 மணித்தியாலத்துக்குள் அறிவிக்கவேண்டிய கடமையும் உங்களுக்கு உள்ளது.

ஸ்பிறே, காஸ், பசை

ஒரே தட்டில் பக்கம் பக்கமாக நிற்கும் மூன்றுக்கும் மூன்று விதி இருப்பதால் அதிகம் குழம்புவது இங்கேதான்.

அழுத்தத்தில் அடைத்த ஸ்பிறே பெயின்ற் 16. சுவரில் கிறுக்குவதைத் தடுக்க 2003இல் வந்த சமூகவிரோத நடத்தைச் சட்டத்தின் பகுதி இது. தண்டம் 2,500 பவுண்ஸ் வரை போகும். கார் கீறலுக்கு அடிப்பதும், மாதிரிப் பொம்மைகளுக்கு அடிப்பூச்சாக அடிப்பதும் பெயின்ற்தான், அவற்றுக்கும் 16. பொம்மைப் படை வண்ணம் தீட்டும் பிள்ளைகள் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில்தான் வருவார்கள். தூரிகையால் பூசும் சின்னப் போத்தல் பெயின்ற்றுக்கு இந்த வயதெல்லை இல்லை. பிள்ளையைத் திருப்பி அனுப்பும்போது அதைச் சொல்லிவிட்டால் வாடிக்கையும் போகாது. தலைமயிர் ஸ்பிறே, வியர்வை ஸ்பிறே, பளபளப்பாக்கும் ஸ்பிறே போன்றவை பெயின்ற் அல்ல.

லைற்றருக்கு நிரப்பும் பியூட்டேன் காஸ் ரின் 18. இது 1999இன் பாதுகாப்பு ஒழுங்குவிதி. மூச்சில் இழுத்துப் பிள்ளைகள் இறந்ததால் வந்தது. இந்தக் காஸை முதல் தடவை இழுத்தவருக்கே இதயம் நின்றுபோகலாம். எங்கள் பார்வையில் கடையிலுள்ள வயதுக் கட்டுப்பாட்டுச் சாமான்களுள் மிகக் கவனமாகப் பூட்டவேண்டியது இதுதான். பலர் மெழுகுதிரிக்குப் பக்கத்தில், முழங்கால் உயரத்தில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். லைற்றருக்கும் நெருப்புப்பெட்டிக்கும் இப்படி ஒரு வயதெல்லை சட்டத்தில் இல்லை. பெரும்பாலான கடைகள் தாமாகவே 18 வைத்திருக்கின்றன, அது நல்ல வழக்கம்.

பசை, தின்னர், திருத்தும் வெள்ளைத் திரவம் போன்றவற்றுக்கு 1985இலிருந்து 18 வயது என்று ஒரு தனிச் சட்டம் இருந்தது. 2016 மே 26இல் உளத்தூண்டல் பொருட்கள் சட்டம் வந்தபோது அது நீங்கிவிட்டது. பழைய அறிவித்தலை இன்னும் சுவரில் வைத்திருப்பவர்கள் கழற்றலாம். ஆனால் புதிய சட்டம் பழையதைவிட அகலமானது. வயது எதுவானாலும், வாங்குபவர் போதைக்காக மோந்து பார்ப்பார் என்று தெரிந்தோ, தெரிந்திருக்கக்கூடிய நிலையில் அலட்சியமாகவோ விற்றால் குற்றம். ஒரே ஆள் நாளுக்கு மூன்று ரின் ஒட்டுப்பசை வாங்குகிறார், வாயைச் சுற்றிப் புண் இருக்கிறது, உடுப்பில் இரசாயன மணம் அடிக்கிறது என்றால் அவருக்கு முப்பது வயது என்பது உங்களைக் காப்பாற்றாது. கேக் கிரீம் அடிக்கும் சின்ன வாயுக் குப்பிகளை மூலைக்கடையில் வைக்கவே வேண்டாம். அதிலுள்ள நைட்ரஸ் ஒக்சைட் 2023 நவம்பர் 8 முதல் 'சி' வகுப்புப் போதைப்பொருள். சமையலுக்கென்று விற்பது சட்டத்தில் இன்னும் உண்டு. ஆனால் அந்தச் சமையல்காரர் யார் என்று காட்டவேண்டிய பொறுப்பு உங்கள் தலையில் விழும்.

வாணவெடி

பக்கெற்றில் எஃப்1, எஃப்2, எஃப்3, எஃப்4 என்று வகை அச்சிட்டிருக்கும். எஃப்2உம் எஃப்3உம் 18. எஃப்1 எனும் வீட்டுக்குள் வெடிக்கும் சின்ன வகை, கயிறிழுக்கும் பார்ட்டி பொப்பர் போன்றது, 16. நத்தார் மேசையில் இருவர் இழுக்கும் கிராக்கர் மட்டும் 12. எஃப்4 தொழில்முறைக் காட்சிக்காரருக்கு மட்டுமே; கடையில் இருக்கவே கூடாது. கம்பி மத்தாப்புக்கு 18 என்றே எடுங்கள்.

எஃப்2, எஃப்3 விற்கும் இடத்தில் அறிவித்தல் பலகை கட்டாயம். குறைந்த அளவு 420க்கு 297 மில்லிமீற்றர், எழுத்தின் உயரம் 16 மில்லிமீற்றர். 18க்குக் கீழ் விற்பதும், 18க்குக் கீழ்ப்பட்டவர் பொது இடத்தில் அவற்றை வைத்திருப்பதும் சட்டவிரோதம் என்ற வாசகம் அதில் இருக்கவேண்டும். வீட்டுப் பிரின்ரரில் சிறிய தாளில் அடித்து ஒட்டியது செல்லாது.

ஆண்டு முழுவதும் விற்கத் தனி லைசென்ஸ் வேண்டும். அது இல்லாத கடை ஒக்டோபர் 15 முதல் நவம்பர் 10 வரை, டிசம்பர் 26 முதல் 31 வரை, தீபாவளி நாளும் அதற்கு முந்திய மூன்று நாளும், சீனப் புத்தாண்டு நாளும் அதற்கு முந்திய மூன்று நாளும் விற்கலாம். 2026இல் தீபாவளி நவம்பர் 8, ஆகவே பெரிய காலத்துக்குள்ளேயே விழுகிறது. 2023இல் நவம்பர் 12இல் வந்தது. அப்படியான ஆண்டில் 10ஆம் திகதியோடு நின்றுவிடாமல் 12 வரை விற்கலாம், 13இல் விற்கக்கூடாது. நாள்காட்டியைப் பார்த்து முன்கூட்டியே எழுதி ஒட்டுங்கள். விற்கும் அனுமதியோடு சேமித்து வைக்கும் அனுமதியும் வேண்டும். அதை இடத்துக்கு இடம் கவுன்சிலோ தீயணைப்பு அதிகாரசபையோ தரும்.

ஒரு பெட்டிக்குள் இருக்கும் வெடிகளைப் பிரித்துத் தனித்தனியாக விற்பது குற்றம். 'ரெண்டு மத்தாப்பு மட்டும் தாங்கோ' என்று கேட்கும் ஆச்சிக்கும் முழுப் பக்கெற்தான்.

மற்றவை, சுருக்கமாக

பெற்றோல் 16. நிலையம் நடத்துவோருக்கு, பம்பைத் திறந்துவிடுவதே விற்பனை. பணம் வாங்கும்போது வயது பார்ப்பது காலம் பிந்தியது. புல்வெட்டும் இயந்திரத்துக்கு என்று பெற்றோல் கலன் கொண்டுவரும் பிள்ளையைக் கமராவில் பார்த்தவுடனேயே பம்பைத் திறக்காமல் விடவேண்டும். பிளாஸ்ரிக் கலன் 10 லீற்றர், உலோகக் கலன் 20 லீற்றர் வரை. தண்ணீர்ப் போத்தலில் யாருக்கும் இல்லை. டீசல் இந்த விதிக்குள் வராது.

சிகரெட் சுற்றும் கடதாசி இங்கிலாந்தில் 18. புகையிலை இல்லாமல் கடதாசி மட்டும் கேட்டாலும் அப்படித்தான். இதைத் தெரியாத ரில்காரர் ஏராளம். மின்சிகரெட் 18, ஒருமுறை பாவித்து எறியும் வகையை 2025 ஜூன் 1 முதல் எவருக்கும் விற்கமுடியாது. மதுத் துளி உள்ள லிக்கர் சொக்லேட்டுக்கு 16 என்று இருந்த எல்லை 2015இல் நீங்கிவிட்டது. லொத்தர் 2021இலிருந்து 18. வீடியோ கேம் பெட்டியில் 12, 16, 18 என்று இருப்பது அறிவுரை அல்ல, சட்டம். வண்ணமீன் விற்கும் கடைகள் கவனிக்க: முதுகெலும்புள்ள எந்த உயிரையும் 16க்குக் கீழ்ப்பட்டவருக்கு விற்கக்கூடாது, ஒரு தங்கமீன் என்றாலும். பொம்மைத் துப்பாக்கி உண்மையானதுபோல் இருந்தால் 18 மட்டுமல்ல, விற்கலாமா என்பதே கேள்வி. வேண்டாம் என்பது எங்கள் பதில்.

பரசிற்றமோலுக்குச் சட்டவயது இல்லை. பல கடைகள் 16 வைத்திருக்கின்றன. அங்கே சட்டம் பார்ப்பது அளவை. மூலைக்கடையில் பெட்டிக்கு 16 மாத்திரைதான். ஒரே விற்பனையில் 100 மாத்திரைக்கு மேல் போனால் குற்றம். இரண்டு பெட்டியோடு நிறுத்துவது நல்ல வழக்கம்.

வயதை எப்படிப் பார்ப்பது

'25ஐ விடக் குறைவாகத் தெரிந்தால் கேள்' என்ற முறையை வையுங்கள். பதினெட்டுக்கும் பதினேழுக்கும் முகத்தில் வித்தியாசம் கண்டுபிடிக்க யாராலும் முடியாது. இருபத்தைந்துக்கும் பதினேழுக்கும் இடையில் பிழைவிடுவது அரிது. ஏற்கவேண்டியவை கடவுச்சீட்டு, படமுள்ள சாரதி அனுமதிப்பத்திரம் (பழகுநர் பத்திரமும் சரி), 'பாஸ்' (PASS) எனும் வயதுச் சான்று முறையின் முத்திரையுள்ள வயது அட்டை. பள்ளி அட்டையும் வங்கி அட்டையும் போனில் எடுத்த படமும் ஏற்கத்தக்கவை அல்ல.

அட்டை கைக்கு வந்ததும் முதலில் படத்தைப் பாருங்கள். முடியைப் பார்க்காமல் காது, மூக்கு, கண் இடைவெளியைப் பாருங்கள். பிறகு திகதி. கணக்கில் வழமையான பிழை, ஆண்டை மட்டும் கழிப்பது. 2026 நவம்பர் 8இல் 18 ஆனவர் என்றால் 2008 நவம்பர் 8 அல்லது அதற்கு முன் பிறந்திருக்கவேண்டும். 2008 டிசம்பரில் பிறந்தவருக்கு இன்னும் 17. இதை ஒவ்வொரு முறையும் மனதில் கணக்குப் பார்க்கவிடாமல், காலையில் ரில் திறக்கும்போது '18: இந்தத் திகதிக்கு முன், 16: இந்தத் திகதிக்கு முன்' என்று இரண்டு வரி எழுதி ஒட்டுங்கள்.

பெருவிரலால் 'பாஸ்' முத்திரையைத் தடவிப் பாருங்கள். அது அட்டையோடு ஒரே மட்டமாக இருக்கும். விளிம்பு விரலில் தட்டினால் மேலே ஒட்டியது. சாரதி அனுமதிப்பத்திரத்தில் 5ஆம் இலக்கத்தில் உள்ள நீண்ட எண்ணில் பிறந்த திகதி ஒளிந்திருக்கிறது. குடும்பப் பெயரின் ஐந்து எழுத்துக்குப் பிறகு வரும் ஆறு இலக்கங்கள் முறையே ஆண்டின் பத்தாமிட இலக்கம், மாதம் இரண்டு இலக்கம், நாள் இரண்டு இலக்கம், ஆண்டின் கடைசி இலக்கம். பெண்ணானால் மாதத்தின் முதல் இலக்கத்தோடு 5 கூடும். 2008 ஜூலை 23இல் பிறந்த ஆணுக்கு 007238, பெண்ணுக்கு 057238. 3ஆம் இலக்கத்தில் அச்சிட்ட திகதியோடு இது ஒத்துவராவிட்டால் அட்டை திருத்தப்பட்டது. சந்தேகம் என்றால் விற்காமல் அட்டையைத் திருப்பிக் கொடுங்கள். பறித்து வைத்துச் சண்டைக்குப் போகவேண்டாம்.

ரில்லடி ஏற்பாடு

ட்ரேடிங் ஸ்ராண்டர்ட்ஸ் எனும் கவுன்சிலின் வணிகக் கண்காணிப்பு அதிகாரிகளும் பொலிசும் வயது குறைந்த தொண்டர்களை அனுப்பிச் சோதிப்பார்கள். சோதனையில் பிழை பிடிபட்டால், இங்கே சொன்ன சாமான்களில் பலவற்றுக்கு, முதலாளிக்கு இருக்கும் பாதுகாப்பு ஒன்றே: நியாயமான எல்லா முன்னெச்சரிக்கையும் எடுத்தேன், உரிய கவனத்தோடு நடந்தேன் என்று காட்டுவது. 'நான் சொல்லித்தான் வைத்தேன்' என்பது அதற்குப் போதாது. கடதாசியில் இருக்கவேண்டும்.

மறுப்புப் புத்தகம் ஒன்று வையுங்கள். திகதி, நேரம், கேட்ட சாமான், ஆளின் தோற்றம், சொன்ன காரணம், மறுத்தவரின் கையொப்பம். முதலாளி வாரம் ஒருமுறை பார்த்துக் கையொப்பமிடவேண்டும். ஆறு மாதமாக வெறுமையான புத்தகம் உங்களுக்கு எதிரான சாட்சியாகும். ஒரே பேனாவில் ஒரே கையெழுத்தில் இருபது பதிவு இருந்தால் அதைவிட மோசம். புதியவர் ரில்லுக்கு வரும் முதல் நாளே பட்டியலை வாசித்து விளக்கி, திகதியோடு கையொப்பம் வாங்குங்கள். தீபாவளிக்கும் நத்தாருக்கும் முன் மறுபடி செய்யுங்கள். ரில் மென்பொருளில் ஒவ்வொரு சாமானின் கோட்டுக்குறிக்கும் வயது எச்சரிக்கையைப் போடுங்கள். மொத்த வியாபாரி புதுப் பக்கெற்றை அனுப்பும்போது கோட்டுக்குறி மாறும், எச்சரிக்கை காணாமல் போகும். சரக்கு இறக்கும் அன்றே ஒருமுறை ஸ்கான் செய்து பார்த்தால் அது பிடிபடும்.

குடும்பக் கடைகளில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ரில்லில் உதவுவது வழக்கம். 18க்குக் கீழ்ப்பட்டவர் மது விற்றால் ஒவ்வொரு விற்பனையையும் பொறுப்பான பெரியவர் அங்கேயே அனுமதிக்கவேண்டும். மற்றச் சாமான்களுக்கு அப்படி விதி எழுதப்படாவிட்டாலும் அதே ஒழுங்கை வைத்திருங்கள். பதினைந்து வயதுப் பிள்ளை தன் வகுப்புத் தோழனுக்கு 'இல்லை' சொல்வது கடினம். அந்தப் பாரத்தைப் பிள்ளையில் போடக்கூடாது.

தெரிந்த குடும்பங்களில்தான் மறுப்பது கஷ்டம். 'அங்கிள், அப்பா வெளியில காருக்குள்ள இருக்கிறார், அவருக்குத்தான்' என்று பிள்ளை நிற்கும். தகப்பன் போனில் 'அண்ணை, நான்தான் அனுப்பினனான், குடுத்துவிடுங்கோ' என்பார். காசு யாருடையது, யார் அனுப்பியது என்பது கத்திக்கோ காஸுக்கோ பொருந்தாது. யாருடைய கையில் கொடுக்கிறீர்கள் என்பதே விற்பனை. 'தம்பி, அப்பாவை உள்ளுக்கு வரச் சொல்லும், எடுத்து வைக்கிறன்' என்று சாமானைக் கவுன்ரரில் வைத்துவிடுங்கள். மறுப்பை ஆளில் போடாமல் சட்டத்தில் போட்டால் உறவு கெடாது. ரில்லுக்குப் பின்னால் சாமான் பெயரும் வயதும் அச்சிட்ட தாள் இருந்தால் விரலால் காட்டிவிட்டுப் பேசாமல் இருக்கலாம்.

வீட்டுக்கு அனுப்பும் ஓடர் எடுப்பவர்கள் கவனிக்க: அரிக்கும் திரவத்தை வீட்டு முகவரிக்கு அனுப்பவே கூடாது. கத்திக்கு '18க்கு மேல்' என்ற பெட்டியில் சரிபோட வைப்பது வயதுச் சோதனை ஆகாது. வாங்கும்போது வயதை உறுதிப்படுத்தும் முறை வேண்டும். கத்திப் பொதியின் வெளியே, உள்ளே அலகுள்ள சாமான் இருக்கிறது, 18 வயதானவர் கையில் மட்டும் கொடுக்கவும் என்று எழுதவேண்டும். கொண்டுபோகிறவர் கதவடியில் வைத்துவிட்டு வரவும் கூடாது, லொக்கரில் போடவும் கூடாது. மரக்கறிப் பெட்டிக்குள் ஒரு மீன் கத்தியையும் சேர்த்து மருமகன் கையில் கொடுத்தனுப்பினால் அவருக்கும் இந்த விதி தெரிந்திருக்கவேண்டும். கத்தி உள்ள ஓடர்களின் பில்லில் சிவப்பு முத்திரை குத்தி, வாங்கியவரின் கையொப்பம் எடுத்துவரச் சொல்லுங்கள்.